வலைப்பக்கம் கட்டுவோம் – 14: எல்லா உலாவியிலும் விரியும் மெனு

கடலூர் மாவட்டத்துக்குப் புயலும் வெள்ளமும் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது. 2015 மழைக்காலத்தில் வெள்ளம் ஊர் ஊராக நின்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை கரை மீறியது. அப்படியொரு ராத்திரியில் கரண்ட் போன வீட்டில் இருக்கும் ஒருவர், மிச்சமிருக்கும் சார்ஜை நம்பிப் போனில் உதவி எண் தேடுகிறார். அவருக்கு வேண்டியது 1077 என்ற நான்கு இலக்கம்தான். அந்த எண், ஏதோ ஒரு தளத்தில் 'தொடர்புக்கு' என்ற தலைப்பின்கீழ் விரியும் மெனுவுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மவுஸ் மேலே வந்து நின்றால் மட்டுமே விரியும்படி அந்த மெனுவை எழுதியிருந்தால் என்ன ஆகும்? போனில் மவுஸ் ஏது? எண் பக்கத்துக்குள்ளேயே இருந்தும் அவருக்கு அது கிடைக்காது.

போன வாரம் பக்கத்தின் எடையைக் குறைப்பது பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் டிராப்டவுன் மெனு. கடலூரிலும் சிதம்பரத்திலும் பள்ளி, கல்லூரி, லாட்ஜ், கிளினிக், ஜவுளிக்கடை என்று வருகிறவர்களுக்குத் தளம் கட்டித் தரும் இளைஞர்கள் நிறைய. வாடிக்கையாளர் முதலில் கேட்பதே "மேலே மெனு இருக்கணும், வச்சா கீழே விரியணும்" என்பதுதான். கேட்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இணையத்தின் கால் நூற்றாண்டுக்கும் மேலான உலாவிச் சண்டைகள் எல்லாம் இந்தச் சின்ன விஷயத்தில் வந்து முட்டியிருக்கின்றன. அந்தக் கதை தெரிந்தால், இன்று எதை எடுப்பது, எதை விடுவது என்பது தானாகத் தெளிவாகும்.

ஒரே மெனுவை இரண்டு முறை எழுதிய காலம்

1997இல் நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 இரண்டும் வெளிவந்தன. பக்கம் வந்து சேர்ந்த பிறகும் அதன் ஒரு பகுதியை மறைக்கலாம், காட்டலாம் என்ற வசதியை இரண்டுமே தந்தன. விரியும் மெனு பிறந்தது அங்கேதான். ஆனால் நெட்ஸ்கேப்பில் அந்தப் பகுதியைப் பிடிக்க 'டாக்குமெண்ட் டாட் லேயர்ஸ்' என்று எழுத வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் 'டாக்குமெண்ட் டாட் ஆல்'. ஒன்றுக்கு எழுதியது மற்றதில் ஓடாது. ஆகவே நிரலர்கள் வந்திருப்பது எந்த உலாவி என்று முதலில் விசாரித்து, ஒரே மெனுவை இரண்டு விதமாக எழுதி வைத்தார்கள்.

1998 அக்டோபரில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பொதுவான ஒரு முறையை வகுத்தது. பக்கத்தின் எந்த உறுப்பையும் அதன் அடையாளப் பெயரைச் சொல்லி அழைக்கலாம் என்றானது. உலாவிகள் அதற்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் 2001 ஆகஸ்டில் எக்ஸ்ப்ளோரர் 6 வந்து, விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்ந்து ஊரெல்லாம் பரவிவிட்டது. அண்ணாமலை நகரைச் சுற்றியிருந்த பிரவுசிங் சென்டர்களில் மாணவர்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த அந்த நாட்களில், இணையம் என்றாலே அந்த நீல 'இ' சின்னம்தான்.

2003 நவம்பரில் பேட்ரிக் கிரிஃபித்ஸ், டான் வெப் என்ற இருவர் 'சக்கர்ஃபிஷ் டிராப்டவுன்' என்றொரு வழியை 'எ லிஸ்ட் அபார்ட்' இதழில் எழுதினார்கள். மெனு என்பது அடிப்படையில் ஒரு பட்டியல். பட்டியலுக்குள் ஒரு பட்டியல். அதை ஹெச்டிஎம்எல்லில் பட்டியலாகவே எழுதிவிடு. விரிப்பதையும் மறைப்பதையும் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அவர்கள் சொன்னது. நூற்றுக்கணக்கான வரி ஜாவாஸ்கிரிப்ட் ஒரேயடியாகத் தேவையற்றுப் போனது.

ஒரே ஒரு தடங்கல் இருந்தது. எக்ஸ்ப்ளோரர் 6, மவுஸ் மேலே நிற்பதை இணைப்புகளுக்கு மட்டும்தான் உணரும்; பட்டியல் உறுப்புக்கு உணராது. அந்த ஓர் உலாவிக்காகப் பத்துப் பன்னிரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்தார்கள். முதல் வடிவத்தில் உள்பட்டியலை அடியோடு மறைத்திருந்தார்கள். அப்படி மறைத்ததைத் திரைவாசிப்பான் மென்பொருள் படிக்காமல் தாண்டிவிடுகிறது என்று தெரிந்ததும், அடுத்த வடிவத்தில் பட்டியலைத் திரைக்கு வெளியே இடப்பக்கம் வெகுதூரம் தள்ளி வைத்தார்கள். கண் தெரியாதவருக்கும் மெனு கேட்க வேண்டும் என்ற அக்கறை அப்போதே இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ப்ளோரர் 6இன் இன்னொரு குணம் எல்லோரையும் படுத்தி எடுத்தது. மேலே மெனு, கீழே மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுக்கும் படிவம் என்று ஒரு பக்கம் இருக்கும். மெனு விரிந்து படிவத்தின்மேல் இறங்கும்போது, படிவத்தின் செலக்ட் பெட்டி மெனுவைக் கிழித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். எந்த அடுக்கு எண் கொடுத்தாலும் கீழே போகாது. அந்தப் பெட்டியைப் பக்கத்தோடு சேர்த்து வரையாமல் விண்டோஸ் தனியே வரைந்ததுதான் காரணம். மெனுவுக்குப் பின்னால் அதே அளவில் வெற்று ஐஃப்ரேம் ஒன்றை ஒளித்து வைத்தார்கள். அது பெட்டியை மறைக்கும், மெனு அதன்மேல் உட்காரும். 2006 அக்டோபரில் வந்த எக்ஸ்ப்ளோரர் 7 இந்த இரண்டு குறைகளையும் பெருமளவு தீர்த்தது. 2022 ஜூன் 15 அன்று எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவையே மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. இன்றும் பழைய தளங்களைத் திருத்தப் போனால் இந்த ஐஃப்ரேம்கள் கோப்பில் கிடக்கும். தயங்காமல் எடுத்துவிடலாம்.

தமிழ் மெனுவுக்கு என்று சில சிக்கல்கள்

ஆங்கிலத் தளம் கட்டியவருக்கு இல்லாத பாடு ஒன்று தமிழ்த் தளம் கட்டியவருக்கு இருந்தது. யூனிகோடுக்கு முன்னால் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியாக்கம் வைத்திருந்தது. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்ப எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு கோப்பு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறொன்று. எழுத்துரு போய்ச் சேராவிட்டால் மெனுவில் தமிழுக்குப் பதிலாக ஐரோப்பியக் கிறுக்கல்கள் தெரியும். செலக்ட் பெட்டிக்குள் இன்னும் மோசம். பக்கத்துக்குக் கொடுத்த எழுத்துரு பெட்டிக்குத் தானாக இறங்காது. வெளியே தமிழ், உள்ளே கிறுக்கல்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து பலர் மெனுத் தலைப்புகளைப் படமாகச் செய்து ஒட்டினார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தேடுபொறி படிக்காது, திரைவாசிப்பான் வாய் திறக்காது, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் படத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்றைய போன்கள் எல்லாமே தமிழைச் சரியாகக் காட்டுகின்றன. இதற்குப் பிறகும் தமிழ் மெனுவைப் படமாக வைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

யூனிகோடு வந்தும் தீராதவை இரண்டு. ஒன்று, நீளம். ஆங்கிலத்தில் நாலெழுத்துச் சுருக்கத்தில் அடங்கும் துறையின் பெயர், தமிழில் 'பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை' என்று நீளும். ஆங்கில மெனுவுக்கு 150 பிக்சல் அகலம் என்று கட்டி வைத்துவிட்டுத் தமிழைக் கொட்டினால், பெயர் பாதியில் அறுபடும், இல்லையென்றால் பக்கத்துப் பெட்டியின்மேல் ஏறும். அகலத்தைப் பிக்சலில் பூட்டாதீர்கள். பெயர் இரண்டு வரியாக மடிந்தால் மடியட்டும். இரண்டாவது, உயரம். தமிழ் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே சுழியும் உண்டு. வரி உயரத்தை இறுக்கினால் 'மூ', 'ழூ' போன்றவற்றின் வால் வெட்டுப்படும். எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் கொடுங்கள்.

மவுஸ் குறுக்கே போகும்போது

மேசைக் கணினியிலும் மெனு சரியாக நடந்துகொள்கிறதா என்று ஒரு சோதனை செய்து பாருங்கள். 'துறைகள்' என்பதன்மேல் மவுஸ் போகிறது. கீழே பட்டியல் இறங்குகிறது. அதில் 'வருவாய்த் துறை'யில் நிற்கிறீர்கள். வலப்பக்கம் அதன் உள்பட்டியல் திறக்கிறது. அதன் அடியில் இருக்கும் 'சான்றிதழ்கள்' வேண்டும். யாரும் மவுஸை நேராக வலப்பக்கம் தள்ளி, பிறகு செங்குத்தாக இறக்க மாட்டார்கள். கை தானாகக் குறுக்கே போகும். அப்படிப் போகிற வழியில் கீழே இருக்கும் 'வேளாண்மைத் துறை'யின்மேல் மவுஸ் ஒரு நொடி படும். உடனே வருவாய்த் துறையின் பட்டியல் மூடி, வேளாண்மையின் பட்டியல் திறந்துவிடும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வயதானவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இது தீராத அவஸ்தை.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. மூடுவதற்கு முன் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் காத்திருப்பது ஒன்று. மவுஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்பட்டியலின் மேல், கீழ் முனைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு முக்கோணம் வரைந்து, மவுஸ் அதற்குள் போகும்வரை பட்டியலை மாற்றாமல் வைத்திருப்பது மற்றொன்று. அமேசான் தளத்தின் மெனு இந்த முக்கோணத்தைக் கையாளுவதை 2013இல் பென் காமன்ஸ் என்ற நிரலர் பிரித்துப் பார்த்து விளக்கி, அதற்கான நிரலையும் எல்லோருக்கும் கொடுத்தார். ஆனால் என் முடிவு வேறு. உள்பட்டியலுக்குள் உள்பட்டியல் என்று போகாதீர்கள். ஓரடுக்குக்குமேல் விரியும் மெனு வேண்டியிருக்கிறது என்றால், தளத்தின் பக்கங்கள் சரியாகப் பிரிக்கப்படவில்லை என்று அர்த்தம்.

விரல், விசை, குரல்

2007இல் ஐபோன் வந்ததும் மவுஸ் நிற்பது என்ற சங்கதியே பாதி உலகத்தில் இல்லாமல் போயிற்று. விரல் தொடும் அல்லது தொடாது; மேலே மிதந்து நிற்காது. பழைய தளங்களுக்காகப் போன் உலாவிகள் ஓர் ஏற்பாடு செய்தன. முதல் தொடுதலை மவுஸ் நின்றதாகவும், இரண்டாவதைச் சொடுக்கியதாகவும் எடுத்துக்கொண்டன. சில உலாவிகளில் இது நடக்கும், சிலவற்றில் நடக்காது. தலைப்பே ஓர் இணைப்பாகவும் இருந்தால், மெனு விரிவதற்குள் அடுத்த பக்கத்துக்குத் தூக்கிப் போய்விடும். டேட்டா மிச்சம் பிடிக்க நம்மூரில் ஏராளமானோர் வைத்திருந்த ஓபரா மினியிலோ, பக்கம் தொலைவில் உள்ள சர்வரில் தயாராகிச் சுருங்கி வந்ததால், இந்த மாதிரி மெனுக்கள் பெரும்பாலும் அசையவே இல்லை.

விசைப்பலகை மட்டும் பயன்படுத்துவோர் உண்டு. கண் தெரியாதவர்கள் விண்டோஸில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானையும், ஆண்ட்ராய்டில் டாக்பேக்கையும் வைத்துத் தமிழ்ப் பக்கங்களையே கேட்கிறார்கள். எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்றுதான் 2018 ஜூனில் வந்த வலை அணுகல் நெறிமுறை 2.1, மவுஸ் நின்றாலோ விசைப்பலகையால் வந்து நின்றாலோ விரியும் பகுதிக்கு மூன்று நிபந்தனை வைத்தது. மவுஸை நகர்த்தாமலே அதை மூட வழி இருக்க வேண்டும். விரிந்ததன்மேல் மவுஸைக் கொண்டுபோனால் மறையக் கூடாது. பயனர் விலகும்வரை தானாக மூடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் நுட்பமும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் 2009இல் தொடங்கி, 2018, 2023 என்று திருத்தப்பட்டு, இதையே வலியுறுத்துகின்றன. கடலூர் உட்பட மாவட்டத் தளங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் 'எஸ்3வாஸ்' என்ற பொது மேடைக்கு மாறியதில் இந்த நன்மை உண்டு: மேடையை ஒரே இடத்தில் திருத்தினால் அத்தனை மாவட்டத்து மெனுவும் திருந்தும். தனியார் தளம் கட்டுகிற உங்களுக்கு அப்படி ஒரு மேடை இல்லை. ஒவ்வொரு தளத்திலும் நீங்களேதான் கவனிக்க வேண்டும்.

இன்று கட்டும் முறை

முதலில், மெனுவைச் சாதாரணப் பட்டியலாக எழுதுங்கள். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் நிறுத்திவிட்டுத் திறந்தாலும் ஒவ்வொரு இணைப்பும் தெரிய வேண்டும். சொடுக்கினால் போக வேண்டும்.

அடுத்து, விரிக்கிற தலைப்பை இணைப்பாக வைக்காமல் பட்டனாக வையுங்கள். பட்டன் என்றால் மவுஸ் சொடுக்கும், விரல் தொடும், விசைப்பலகையின் என்டர் அழுத்தும். எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை 'ஏரியா-எக்ஸ்பாண்டட்' என்ற பண்பில் மாற்றிக்கொண்டே இருங்கள். திரைவாசிப்பான் அதைச் சொல்லும். எஸ்கேப் விசை அழுத்தினால் மூட வேண்டும்.

மூன்றாவது, புதிதாக வந்திருக்கும் 'பாப்ஓவர்' வசதியைப் பாருங்கள். 2023 மே மாதம் குரோம் 114இல் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சஃபாரி 17இல். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125இல். பட்டனையும் பட்டியலையும் ஹெச்டிஎம்எல்லிலேயே இணைத்துவிட்டால் திறப்பது, வெளியே சொடுக்கினால் மூடுவது, எஸ்கேப்பில் மூடுவது எல்லாவற்றையும் உலாவியே செய்யும். பட்டியல் எல்லா அடுக்குக்கும் மேலே நிற்கும் என்பதால் அந்தப் பழைய ஐஃப்ரேம் போராட்டம் எதுவும் இல்லை. பழைய போன்களுக்குப் பட்டியலை விரித்தபடியே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, விரல் படும் இடம் தாராளமாக இருக்கட்டும். வலை அணுகல் நெறிமுறை 2.2 குறைந்தபட்சம் 24க்கு 24 பிக்சல் என்கிறது. வேலை செய்து தடித்த விரல்களுக்கு அது போதாது. இரண்டு மடங்கு கொடுங்கள்.

வட்டம் தேர்ந்தெடு, ஊர் தேர்ந்தெடு

டிராப்டவுனில் இன்னொரு வகை, படிவத்தில் வரும் செலக்ட் பெட்டி. பட்டா பார்க்க மாவட்டம், வட்டம், ஊர் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் பட்டா எண்ணோ புல எண்ணோ போட வேண்டும். எந்த இ-சேவை மையத்தில் நின்றாலும் இப்படிப் பேச்சு காதில் விழும்:

"எந்தத் தாலுக்கா ஆயா?"

"சிதம்பரம்தான் தம்பி. இப்ப புவனகிரின்னு சொல்றாங்க."

"ரெண்டுலயும் பாத்துடுறேன், இருங்க."

அந்தத் தம்பி வட்டத்தை மாற்றுகிறார். நெட் மெதுவாக இருக்கிறது. புதிய வட்டத்தின் ஊர்கள் வந்து சேரும்வரை பழைய வட்டத்தின் ஊர்ப்பட்டியலே கீழே நிற்குமானால், அவசரத்தில் தப்பான ஊரைத் தொட்டுவிட வாய்ப்புண்டு. ஆகவே, வட்டம் மாறிய கணமே ஊர்ப்பெட்டியைக் காலி செய்து பூட்டுங்கள். 'ஊர்ப் பட்டியல் வருகிறது' என்று அதில் எழுதிக் காட்டுங்கள். வந்ததும் திறந்துவிடுங்கள்.

தேர்ந்தெடுத்தவுடனே வேறு பக்கத்துக்குத் தாவும்படி எழுதாதீர்கள். விண்டோஸில் மூடிய பெட்டியின்மேல் கீழ்நோக்கு அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த பெயர் உடனே தேர்வாகிவிடும். மேக்கில் பட்டியல் திறக்கும். தாவும்படி எழுதிய பெட்டியில் விண்டோஸ் விசைப்பலகைக்காரர் இரண்டாவது பெயரைத் தாண்டிப் போக முடியாத நிலை வரும். 'காட்டு' என்று ஒரு பட்டன் பக்கத்தில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

அடுத்து, அகரவரிசை. கடலூர் மாவட்டத்தின் பத்து வட்டங்களை ஆங்கில எழுத்துப்படி அடுக்கிவிட்டு அப்படியே தமிழாக்கினால், புவனகிரி முதலில், பிறகு சிதம்பரம், கடலூர், காட்டுமன்னார்கோயில், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, ஸ்ரீமுஷ்ணம், திட்டக்குடி, வேப்பூர், விருத்தாசலம் என்று வரும். தமிழில் படிக்கிறவர் கடலூரை முதலில் தேடுவார். ஸ்ரீமுஷ்ணத்தைக் கடைசியில் தேடுவார். பத்துப் பெயர் என்றால் கண்ணால் துழாவிக்கொள்ளலாம். நீண்ட ஊர்ப்பட்டியலில் அது முடியாது.

தமிழ்ப் பெயர்களையே வரிசைப்படுத்தினாலும் கவனம் வேண்டும். யூனிகோடில் எழுத்துகள் இருக்கும் எண்வரிசை நம் அகரவரிசை அல்ல. அதில் ற, ர-வுக்கு அடுத்து வரும். வ, ழ-வுக்குப் பின்னால் போகும். புள்ளி, உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிறகு நிற்கும். அதனால் 'மேலிருப்பு' முதலிலும் 'மேல்பட்டாம்பாக்கம்' அடுத்தும் வரும். அகராதி முறைப்படி மெய்யெழுத்துக்கே முதலிடம். மேல்பட்டாம்பாக்கம்தான் முன்னால் வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் வெறும் 'சார்ட்' போடாமல், 'இன்ட்ல் கொலேட்டர்' என்ற வசதியைத் தமிழுக்கு என்று சொல்லிப் பயன்படுத்துங்கள். ஒரே வரி வேலை.

செலக்ட் பெட்டி அழகாக இல்லை என்று அதைத் தூக்கிவிட்டுச் சொந்தமாக ஒன்றைச் செய்பவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் போனின் பெரிய எழுத்துப் பட்டியலும், விசைப்பலகையும், திரைவாசிப்பானும் இலவசமாகத் தந்த அத்தனையும் போய்விடும். 2025இல் குரோம் 135 முதல், உண்மையான செலக்ட் பெட்டியையே சிஎஸ்எஸ்ஸால் அலங்கரிக்கலாம் என்று வந்திருக்கிறது. அந்த வசதி இல்லாத உலாவியில் வழக்கமான பெட்டியே தெரியும், யாருக்கும் நஷ்டமில்லை. அழகு வேண்டுமானால் அந்த வழியில் போங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் கட்டிக்கொடுத்த தளம் ஒன்றைத் திறந்து, மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையாலேயே எல்லா மெனுவையும் எட்ட முடிகிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில், டேட்டா மெதுவாக இருக்கும் இடத்தில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். எட்டாத இணைப்பு ஒன்று இருந்தாலும் அந்தத் தளம் முடியவில்லை என்றுதான் பொருள். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் திருத்திக் கொடுங்கள். அந்தத் தளத்துக்கு வரப்போகும் ஜனங்கள் உங்களிடம் நேரில் வந்து கேட்கப் போவதில்லை.

(அடுத்த வாரம்: படிவத்தில் பிழை வந்தால் எப்படிச் சொல்வது?)